பர்சென்ட் இருக்கட்டும்... எதுல பாஸ்?

உங்க அட்டெண்டன்ஸ் 70 சதவிகிதம். தேவை 75. ‘அஞ்சுதானே குறையுது, மூணு கிளாஸ் போனா சரியாயிடும்’னு கேன்டீன்ல செட்டில் ஆகப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

இதுவரை நடந்தது 60 கிளாஸ். நீங்க தலையைக் காட்டினது 42. அறுபதுல 75 சதவிகிதம்னா 45. அதனால மூணு போதும்னு தோணும். ஆனா, நீங்க போற ஒவ்வொரு கிளாஸும் மொத்தக் கணக்குலயும் ஒண்ணைக் கூட்டுமே! மூணு கிளாஸ் முடிஞ்சா 63-க்கு 45. அதாவது, வெறும் 71.4 சதவிகிதம். நடுவுல ஒண்ணுகூட கட் அடிக்காம, வரிசையா 12 கிளாஸ் போனாத்தான் 72-க்கு 54. கரெக்டா 75!

சதவிகிதத்துல சறுக்குற முக்காவாசிப் பேர் இந்த இடத்துலதான் சறுக்குறாங்க. நம்பரைப் பிடிச்சுக்கிறோம். அது ‘எதுல’ அத்தனை சதவிகிதம்ங்கிறதை விட்டுடறோம்.

ஆடி வந்தா டவுசர் கிழியும்!

‘50 சதவிகிதம் தள்ளுபடி, அதுக்கு மேல இன்னும் 20’னு போர்டு பார்த்ததும் மனசு 70-னு கூட்டிடும். ஆயிரம் ரூபாய் ஜீன்ஸ் முதல் தள்ளுபடியில 500 ஆகும். அடுத்த 20 சதவிகிதம் அந்த ஐந்நூறுலதான். பில் 400 ரூபாய். மொத்தத் தள்ளுபடி 60 சதவிகிதம்தான் மக்களே!

இதே கதைதான் ஏத்த இறக்கத்துலயும். நூறு ரூபாய்ல 20 சதவிகிதம் குறைஞ்சா 80. திரும்ப 20 சதவிகிதம் ஏறினா நூறு வராது, 96தான். இறங்கினது நூறுல, ஏறினது எண்பதுல!

தாத்தாவோட ஷார்ட்கட்

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னாடி ஆப்டிட்யூட் டெஸ்ட்டுல கால்குலேட்டரைத் தேடுறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ்.

50-ல 18 சதவிகிதம் எவ்வளவு? திருப்பிப் போடுங்க. 18-ல 50 சதவிகிதம். பாதி... 9! ரெண்டும் ஒண்ணுதான்.

12.5 சதவிகிதம்னதும் பயப்படாதீங்க. நம்ம தாத்தா காலத்து அரைக்கால்தான் அது, எட்டுல ஒண்ணு. 37.5 வந்தா காலே அரைக்கால். எட்டால வகுத்து மூணால பெருக்கினா வேலை முடிஞ்சது. 5 சதவிகிதத்துக்கு ‘ஒரு மா’னு தனிப் பேரே தமிழ்ல இருக்கு.

கையெழுத்துக்கு முன்னாடி...

மார்க் போனா அரியர்ல பிடிச்சுக்கலாம். பணத்துல ஏமாந்தா?

ஊர்ல ‘ரெண்டு வட்டி’னு சொன்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவிகிதம்! ‘ரெண்டுதானே’னு செமஸ்டர் ஃபீஸுக்குக் கடன் வாங்கினா, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும்.

பைக் லோன்ல இன்னொரு வேடிக்கை. 60,000 ரூபாய், ரெண்டு வருஷம், 12 சதவிகிதம் ஃப்ளாட் வட்டி. வட்டி மட்டும் 14,400. மாசத் தவணை 3,100. முதல் தவணையிலேருந்தே அசலும் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 60,000-க்கே போடுறாங்க. இதே 12 சதவிகிதத்தை மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் போட்டா வட்டி சுமார் 7,800 ரூபாய்தான். அந்தக் கணக்குல பார்த்தா, ஃப்ளாட் 12-ங்கிறது உண்மையில சுமார் 21.5 சதவிகிதம்!

அதனால, ‘எத்தனை சதவிகிதம்?’னு மட்டும் கேட்டுட்டு பேனாவைத் திறக்காதீங்க. ‘மாசத்துக்கா, வருஷத்துக்கா? முழுத் தொகைக்கா, மீதிக்கா?’னு கேளுங்க. கூச்சமே வேண்டாம்... கேள்வி கேட்கிறதுக்கு யாரும் வட்டி போட மாட்டாங்க!