மலாயாக் கிண்ணத்தின் முதற் பருவம்

காற்பந்து நம் தோட்டப்புறங்களில் வேரூன்றிய விளையாட்டு. நல்ல திடல் வாய்க்காத தோட்டத்திலும் ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். எனினும், மலாயாக் கிண்ணப் போட்டி எங்ஙனம் தோன்றிற்று என வினவின், விடை கூறும் மாணவர் அரியர்.

'மலாயா' என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் நாடுகள் தம் செலவில் கட்டுவித்துப் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஈந்த கப்பல் அது. 1916இல் ஜட்லண்ட் கடற்போரிலும் ஈடுபட்டது. அந்நாடுகளின் கருவூலத்தை நிரப்பியவை வெள்ளீயமும் ரப்பருமாம். அந்த ரப்பருக்குப் பால் எடுத்தவர் யாவர்? கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோரும் அவருள் அடங்குவர். கப்பலைப் பற்றி எழுதுவோர் சுல்தான்களைப் போற்றுவர், முறையே. பால்வாளி சுமந்தவரையும் ஒரு வரியில் குறித்திருக்கலாம்.

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கப்பல் மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தது. மாலுமிகள் ஆங்காங்கே உள்ளூர்க் குழுக்களோடு ஆடினர். தாம் பெற்ற விருந்தோம்பலுக்கு நன்றியாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை வழங்கினர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. கால் என்பதன் ஈற்று லகரம் வல்லினம் வர றகரமாகத் திரிதலின் 'காற்பந்து' என்கிறோம். தமிழகத்தார் 'கால்பந்து' என இயல்பாகவே எழுதுவர். ஈழத்தார்க்கு அது 'உதைபந்து'. தமிழகத்தார் 'கோப்பை' எனினும் நமக்குக் 'கிண்ணமே' பழகிவிட்டது.

முதல் ஆட்டம் 1921 ஆகஸ்டு 20ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்தது. ஏறத்தாழ 5,000 பேர் காணச் சிலாங்கூர் பினாங்கை 5-1 என வென்றது. குழுக்கள் வடக்கு, தெற்கு என இரு பிரிவாகி ஆட, பிரிவுக்கொரு முதல்வராக வந்த இருவரும் இறுதியில் மோதுதலே முறை. அக்டோபர் முதல் நாள் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 எனச் சிலாங்கூரை வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டது. மறு ஆண்டே சிலாங்கூர் அதனைக் கைப்பற்றியது. ஆயினும் 1921 முதல் 1941 வரை சிங்கப்பூர் இடம்பெறாத இறுதியாட்டம் ஒன்றேனும் இல்லை!

1967இல் புதுக்கிண்ணம் வந்து, போட்டி மலேசியக் கிண்ணமாயிற்று. சிலாங்கூர் இதுகாறும் 33 முறை வாகை சூடியுள்ளது. அச்சிலாங்கூருக்கு 1970களிலும் 80களிலும் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம் என்னும் தமிழர். 1953இல் பிறந்து, 'ஸ்பைடர்மேன்' எனப் பட்டப்பெயர் பெற்ற அவர், 1988 டிசம்பரில் கார் விபத்தில் மாண்டார்.