மிதக்க வைப்பது எது?

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவில்லை. படகு கவிழ்ந்தால் ஆளைத் தாங்குவது லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவை அங்கி. அது எவ்வாறு மிதக்கிறது?

மாணவர்களே, எங்கள் திருப்பூர் ராயபுரத்தில் எளிதில் கிடைக்கும் வெளுத்த பனியன் துணித் துண்டையும், சிறிது இலவம்பஞ்சையும் வாளி நீரில் போடுங்கள். துணி நனைந்து அமிழும், பஞ்சு மிதக்கும். இலவ இழை காற்றடைத்த நுண்குழல். மேலே மெழுகுப் படலம். முன்பு அங்கிகளில் அதையே அடைத்தனர், இன்று நுரைப்பொருள்.

நீரில் அமிழ்ந்த 10 லிட்டர் நுரை, ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, ஏறத்தாழ 10 கிலோவைத் தாங்கும். நம் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியதே. ஆகவே தலையை மேலே நிறுத்த அது போதும்.

ஆனால் வார்களை இறுக்காவிட்டால் அங்கி மேலேறும். ஆள் கீழே நழுவுவார். அலையில் தத்தளிக்கையில் வார் கட்டுவது எளிதன்று. ஆழமற்ற நீரில் முன்னரே அணிந்து பழகுவதே அறிவுடைமை.