எவ்வளவு காற்று? பாரத்தைக் கேளுங்கள்

அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏ.டி.எக்ஸ்., வில்டர்னஸ் ஏ.டி. என்ற அந்த டயர்கள் தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் அதிகம் ஓடியவை. வேகத்தில், தரையைத் தொடும் ட்ரெட் பகுதி உரிந்து வண்டி உருண்டதில் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது எழுந்த சச்சரவில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப அடிபட்டன. ஃபோர்டு அந்த வண்டிக்குச் சொல்லியிருந்த காற்று 26 பி.எஸ்.ஐ.; டயர் நிறுவனம் 30 வைக்கச் சொன்னது. டயரில்தான் கோளாறு என்றது ஃபோர்டு. காற்றும் குறைவு, ஏற்றிய பாரமும் அதிகம் என்றது ஃபயர்ஸ்டோன். டயருக்குள் இருந்த எஃகு பெல்ட்டுகள் பிரியும் குறை இருந்ததை அரசு ஆய்வு கண்டது. ஆகவே பழி முழுவதையும் காற்றின் மேல் போட முடியாது. ஆனால் கோளாறுள்ள டயரானாலும் நல்ல டயரானாலும், காற்று குறையக் குறைய அது தாங்கக்கூடிய பாரம் குறைகிறது, சூடு ஏறுகிறது. இன்று பிக்கப் வாங்கி அதற்குத் தடித்த ஆல்-டெரெய்ன் டயர் மாட்டுகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. டயரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள், அல்லது பழைய டயருக்கான எண்ணையே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

வண்டியின் எடையைத் தூக்குவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. எனவே ‘இந்த டயருக்கு எவ்வளவு காற்று?’ என்ற கேள்வியே அரைகுறை. எந்தப் பாரத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு. இலகு டிரக்குகளுக்கான ‘எல்.டி.’ வகையில், 265/70 ஆர்17 அளவில், ‘இ’ பார வகுப்பு டயர் ஒன்றின் பக்கவாட்டில் 80 பி.எஸ்.ஐ.க்கு ஏறத்தாழ 1,450 கிலோ என்று அச்சிட்டிருக்கும். அந்த உச்சப் பாரத்தைத் தாங்க அந்த அழுத்தம் தேவை என்பதுதான் அதன் பொருள். எப்போதும் 80 வையுங்கள் என்று அது சொல்லவில்லை. நான்கு டயருக்குமாகக் கணக்கிட்டால் 5,800 கிலோ ஆகிறது. ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப் வெறுமனே நிற்கும்போது இரண்டு முதல் இரண்டரை டன்தான். அதற்கு 80 அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், நடு ட்ரெட் சீக்கிரம் தேயும், ஈரச்சாலையில் பிடிப்பு குறையும், சின்னப் பள்ளமும் முதுகெலும்பு வரை வந்து சேரும். காற்று கூடினால் எரிபொருள் மிச்சமாகுமே என்பார்கள். அமெரிக்க அரசின் கணக்குப்படி நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறைகிறது. இவ்வளவு சொற்பமான லாபத்துக்காகப் பிரேக் பிடிப்பைப் பணயம் வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது ஒழுங்காக நடந்துகொள்வது போலவே தோன்றும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 35 என்கிறது, ஆகவே 35. ஆனால் அந்த ஸ்டிக்கர் வண்டியோடு வந்த டயருக்கு எழுதப்பட்டது. பல பிக்கப்புகள் கார்களுக்கான ‘பி’ வகை டயரோடு வருகின்றன. அதே 265/70 ஆர்17 அளவில் 113 என்ற பாரக் குறியீடு கொண்ட ‘பி’ டயர் 35 பி.எஸ்.ஐ.யில் 1,150 கிலோ தாங்கும். டிரக்கில் மாட்டும்போது அதை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சுவது 1,045 கிலோ. எல்.டி. டயரோ 50 பி.எஸ்.ஐ.யில்தான் 1,120 கிலோவை எட்டுகிறது. அப்படியானால் பழைய டயர் 35-இல் செய்த வேலையை இது செய்ய ஏறக்குறைய 45 வேண்டும். தடித்த டயர் குறைந்த காற்றிலும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. கம்பியை மாறி மாறி வளைத்தால் வளைந்த இடம் சுடுவது போல, காற்று போதாத டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. சுவர் தடித்திருந்தால் அந்தச் சூடு வெளியேறவும் தாமதமாகும். அமெரிக்காவின் டயர் அண்டு ரிம் அசோசியேஷன் வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் அழுத்தமும் பாரமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. டயர் நிறுவனங்களும் தங்கள் பட்டியலைத் தருகின்றன. பழைய டயர் ஸ்டிக்கர் அழுத்தத்தில் தாங்கிய பாரத்தைக் கண்டு, புதிய டயர் அதே பாரத்தை எந்த அழுத்தத்தில் தாங்குகிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது.

வண்டி பெரும்பாலும் காலியாகத்தானே ஓடுகிறது, முழுப் பாரத்துக்கான காற்று எதற்கு என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. காலி பிக்கப்பில் எஞ்சின் இருக்கும் முன்பக்கமே கனம். பின் டயர்களில் உச்ச அளவு காற்று இருந்தால் பின்பக்கம் துள்ளும். எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தவர், பட்டியலைப் பார்த்துப் பின்னால் சற்றுக் குறைக்கலாம். ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. டிரெய்லர் மாட்டும் நாளில் குறைத்ததைத் திரும்ப ஏற்றவும் வேண்டும். அந்த ஒழுக்கம் இல்லாதவர் குறைக்காமல் இருப்பதே மேல். டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு சமமாக அழிகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. ட்ரெட் தரையில் எப்படிப் படிகிறது என்பதை அது ஓரளவு காட்டும். எஃகு பெல்ட் போட்ட ரேடியல் டயரோ காற்று குறைந்தாலும் தட்டையாகவே படியக்கூடியது, சூட்டைப் பற்றிக் கோடு ஒன்றும் சொல்லாது. காற்று குறைந்தால் எரியும் டாஷ்போர்டு விளக்கை நம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஃபயர்ஸ்டோன் விவகாரத்தை ஒட்டி 2000 நவம்பரில் வந்த சட்டத்தின் விளைவு அந்த விளக்கு. 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் புதிய இலகு வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயமானது. ஸ்டிக்கர் அளவிலிருந்து கால் பங்கு குறைந்த பிறகே அது எரியும். 35-க்கு அமைத்த விளக்கு 26-ஐ ஒட்டித்தான் விழிக்கும். 45 தேவைப்படும் எல்.டி. டயர் அதற்குள் வெகுநேரம் பட்டினி கிடந்திருக்கும்.

காற்றை அளக்க வேண்டியது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பின், குளிர்ந்த டயரில். மினசோட்டாவில் ஜனவரி மாதம், 20 டிகிரி செல்சியஸ் கதகதப்பான கேரேஜில் 40 வைத்துவிட்டு மைனஸ் 10 டிகிரி குளிரில் வெளியே நிறுத்தினால், ஓட்டை எதுவும் இல்லாமலே ஐந்து பி.எஸ்.ஐ.க்கு மேல் காணாமல் போகும்.

மணலிலும் பாறையிலும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டிய ரால்ஃப் பாக்னால்டு, காற்றை இறக்கினால் மணலில் புதையாமல் போகலாம் என்பதை 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் கடற்கரை ஏறிய அமெரிக்க டி.யு.கே.டபிள்யூ. வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. காற்று குறையும்போது டயர் தரையில் பதியும் பரப்பு அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. பிடிப்பு கூடுவது அதனால்தான். யூட்டாவின் மோவாப் பாறைத்தடங்களில் பலர் 15 முதல் 20 வரை இறக்குகிறார்கள். அதற்கும் கீழே போனால், டயரை இறுக்கிப் பிடிக்கும் தனி வளையம் இல்லாத ரிம்மிலிருந்து அது கழன்றுவிடக்கூடும். இப்படி இறக்கினால் பாரக் கணக்கு பொய்யாகிவிடுமே என்று கேட்கலாம். பொய்யாவதில்லை. பட்டியலில் உள்ள பாரம் சாலை வேகத்துக்கானது; தடத்தில் வண்டி ஊர்ந்து போவதால் சூடேற வாய்ப்பு குறைவு. 18 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் ஏறி நூறு கிலோமீட்டர் வேகம் பிடித்தால் அந்த விலக்கு அங்கேயே முடிகிறது. அதனால் காற்றை இறக்கிக் காட்டுப்பாதைக்குள் நுழைபவரின் வண்டியில், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டையும் கூடுதல் விளக்குகளையும் விட முதலில் இருக்க வேண்டியது காற்றை அளக்கும் ஒரு கேஜும், வெளியே வந்ததும் காற்றைத் திரும்ப ஏற்ற ஒரு கம்ப்ரசரும்தான்.