தினமும் பார்க்கும் மலைக்கு ஒரு நாள் போய் வருவோமே!



சுங்கை பட்டாணி, பீடோங், செமெலிங், மெர்போக், குருண் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலையை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது இருட்டோடு இருட்டாக நிற்கும் மலை அது. "மலையில மேகம் எறங்கிருச்சி, மழ வருது, சீக்கிரமா பால எடுங்க" என்று தண்டல் சத்தம் போட்டதும் அந்த மலையைப் பார்த்துத்தான். மழை வருமா, வேலை நடக்குமா, அன்றைய சம்பளம் கைக்கு வருமா என்பதை நமக்கு முன்கூட்டியே சொல்லி வந்தது ஜெராய் மலை.

ஆனால் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு அங்கே போயிருக்கிறீர்கள்? கேட்டால், "நாமதான் நாள் தவறாம காட்டுக்குப் போறோமே, லீவு நாள்லயும் காட்டுக்கா போகச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உடம்பு நோக உழைத்தவன் லீவு நாளில் படுத்துத் தூங்கத்தான் நினைப்பான்.

இருந்தாலும் இந்தப் பேச்சில் ஒரு விஷயம் விட்டுப் போகிறது. நாம் 'காடு' என்று சொல்லும் பால்காடு, நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து, பெருங்காட்டை வெட்டிச் சாய்த்து, நிரை பிடித்து நட்டது. இன்று பால் மரம் போய்ச் செம்பனை வந்தாலும் கதை அதேதான். ஒரே வகை மரம், ஒரே உயரம், ஒரே வரிசை. ஜெராய் மலையில் இருப்பதோ யாரும் நடாத காடு. நம் முன்னோர் வந்து இறங்கியபோது இந்த நாடு எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவதற்கு மிச்சமிருப்பது அந்தக் காடுதான்.

பக்கத்திலேயே இருக்கும் இடங்கள்

ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்காரர்களுக்கு அந்தக் காலத்தில் இந்த மலைதான் கரை காட்டும் அடையாளம். 1025-ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் நம் கெடாதான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அந்தப் பழைய துறைமுக நாகரிகத்தின் சின்னங்கள் பூஜாங் பள்ளத்தாக்கில், இதே மலையின் அடிவாரத்தில்தான் கிடைக்கின்றன.

மெர்போக்கில் தொல்பொருள் காட்சிசாலை இருக்கிறது. புக்கிட் பத்து பாஹாட் என்ற இடத்தில் கண்டெடுத்த பழைய கோயிலின் கல் அடித்தளத்தை 1960-ல் மறுபடி அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மலையிலிருந்து இறங்கும் ஓடை. ஒரே நாளில் சரித்திரத்தையும் பார்க்கலாம், மர நிழலிலும் உட்காரலாம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சுற்றுலா இந்த வட்டாரத்தில் வேறு எது?

குளிக்க விரும்புவோருக்கு செமெலிங், மெர்போக் பக்கம் தூப்பா இருக்கிறது. யான் பக்கம் போனால் பத்து ஹம்பார், தீத்தி ஹாயுன் இருக்கின்றன. வன இலாகா பொது மக்களின் பொழுதுபோக்குக்காக ஒதுக்கும் காட்டுப் பகுதிக்கு மலாயில் 'ஹுத்தான் லிப்போர்' என்று பெயர். மலை உச்சிப் பக்கம் போக குருணிலிருந்து சாலை இருக்கிறது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகும், கிளைகளில் பாசி தொங்கும், காற்று குளிரும். இலை நுனியில் குடுவை தொங்க, அதற்குள் பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடியும் அங்கே உண்டு. மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குச் சட்டி. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; ஆனால் பிடுங்க விடாதீர்கள். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, நிரந்தர வனக் காப்பிடத்தில் அனுமதியில்லாமல் செடி கொடியை எடுப்பது குற்றம்.

புறப்படும் முன், போகும் இடம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகும் மராமத்து நடக்கும் காலத்திலும் மூடிவிடுவார்கள். மலைப்பாதையில் நடந்து ஏறுவதானால் வன இலாகாவின் அனுமதி வேண்டும்.

போகாத இடத்துக்குக் காவல் இல்லை

"நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சிலர் நினைக்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கிலேயே 'சண்டி 11' என்று ஆராய்ச்சியாளர் எண் போட்டு வைத்திருந்த பழைய கட்டடச் சின்னம் ஒன்று, வீட்டு மேம்பாட்டு வேலையில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியானது. நாடே பேசியது. ஆனால் இடித்த பிறகுதானே பேசினோம்? அதற்கு முந்தின வாரம் வரை அங்கே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆளில்லாத வீட்டைக் கரையான் தின்னும் என்பார்கள். பழைய சின்னமும் அப்படித்தான், காடும் அப்படித்தான். ஜனங்கள் போய் வரும் இடத்தில் கை வைக்க யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். மரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு பட்டணத்துக்காரனுக்குத் தெரியாது. ஆனால் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும் கூட்டத்தில் நம்மவர் முகம் அபூர்வம். போய்ப் பழகினால்தானே பேசும் உரிமையும் பாசமும் வரும்!

தண்ணீர் கலங்கினால் கரையேறு

இனிச் சொல்லப்போவதை வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ஜெராய் மலையில் கடும் மழை பெய்தது. மலைச்சரிவு இடிந்து, மரக்கட்டையும் பாறையும் சேறும் தண்ணீரோடு சேர்ந்து யான், மெர்போக் பக்கம் பாய்ந்து வந்தன. ஆறு பேர் மாண்டார்கள். வீடுகள், வாகனங்கள், பாலங்கள் சேதமாயின.

மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். மலை மேலே பெய்யும் மழை ஒரே மூச்சாகக் கீழே வரும். சில சமயம் மரக்கட்டையும் குப்பையும் ஓடையை அடைத்து, தண்ணீர் அணை போலத் தேங்கும். அடைப்பு உடைந்ததும் மொத்தமும் பாய்ந்து வரும். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஒரு சொட்டு மழை இல்லாமல் இருக்கலாம். அதுதான் ஆபத்து. "இங்க மழையே இல்லையே" என்று நினைத்து நின்றவர்களைத்தான் தண்ணீர் அடித்துப்போகிறது.

தண்ணீர் வருமுன் அடையாளம் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வரும். தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறும். சில வேளை சட்டென்று குறையும். மேலேயிருந்து லோரி ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் கரை மேட்டில் ஏறுங்கள். ஓடை போகும் பக்கமாகவே கீழே ஓடாதீர்கள். தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். செருப்பு, கைப்பேசி, சோற்றுப் பானை எதற்காகவும் திரும்பாதீர்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் இருங்கள்; கடந்து வரப் பார்க்க வேண்டாம். உதவிக்கு 999.

மலை உச்சியை மேகம் மூடியிருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே உட்காருங்கள். நமக்கு இது புதிய பாடமா? மேகத்தைப் பார்த்துப் பால் வெட்டினவர்கள்தானே நாம்! அந்தக் கண்ணை லீவு நாளிலும் மூடிவிடாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, நம் வாலிபர்களுக்கு. தம்பிகளே, பீர் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஆழம் தெரியாத மடுவில் பாறை மேலிருந்து குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவன் என்ற தைரியம் கல்லுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் நிற்கட்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாருமே பார்ப்பதில்லை.

குப்பையும் காய்ச்சலும்

சாப்பிட்ட மிச்சத்தைப் பாறை இடுக்கில் போட்டுவிட்டு வருகிறோம். அந்தச் சோற்றுக்கு எலி வரும். எலியின் மூத்திரம் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும். அதில் இருக்கும் கிருமி, கை கால் காயம் வழியாக நம் உடம்புக்குள் போகும். அதுதான் எலிக்காய்ச்சல். கத்தி பட்ட விரலும் செம்பனை முள் குத்திய காலும் நம்மில் யாருக்கு இல்லை?

2010-ல் பகாங் மாநிலத்தில், மாரான் பக்கம் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். எலிக்காய்ச்சலும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இன்னொரு கிருமியும் காரணம் என்று தெரிய வந்தது.

ஆகவே, ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். போய் வந்த நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வந்தால், "சாதாரண காய்ச்சல்தான்" என்று மாத்திரை போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். "நீர்வீழ்ச்சியில குளிச்சேன் டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மருந்தில் குணமாகும் நோய் அது. கொண்டுபோனதையெல்லாம் ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டு வந்துவிட்டால், அடுத்து வரும் பிள்ளைக்கு நாம் செய்த புண்ணியம்.

வீட்டுப் பெண்களுக்கும் லீவு நாள்தான்

நம் வீடுகளில் உல்லாசப் பயணம் என்றால் ஆண்களுக்கு ஓய்வு, அம்மாவுக்கு இரட்டை வேலை. முதல் நாள் ராத்திரி கறி ஆக்கி, விடியுமுன் சோறு வடித்து, அங்கே போய் எல்லாருக்கும் பரிமாறி, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுகிறவர் அவர். அவரும்தானே வாரம் முழுவதும் காட்டில் உழைத்தார்? போகும் வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டால் யார் மானமும் போகாது. பாத்திரத்தைப் பையன்கள் கழுவட்டும். ஓடையில் கால் நனைத்து அவரும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரட்டும்.

தனித்தனியாகப் போக வண்டி வசதி இல்லையென்றால் கோயில் கமிட்டியோ மணிமன்றமோ ஒரு பஸ் பேசலாம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பஸ் பிடிக்கிற நமக்கு இது பெரிய காரியமில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் பிளாட்டுக்கும் மாறிப்போன பழைய சொந்தங்களையும் கூப்பிடுங்கள். லயத்து வாசலில் கூடி உட்கார்ந்தவர்கள் மறுபடி ஒன்றாக உட்கார ஓர் இடம் கிடைத்த மாதிரியும் ஆகும்.

நட்டவர்களின் காடு

கெடாவில் இல்லாதவர்கள், "எங்களுக்கு ஜெராய் மலை எங்கே?" என்று கேட்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஏதோ ஒரு வனப் பூங்கா உண்டு. சிலாங்கூரில் இருப்போருக்குக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டைச் சொல்வேன். 1920-ஆம் ஆண்டுகளில் அந்த இடம் ஈயம் தோண்டியும் காய்கறி போட்டும் பாழான வெறும் நிலம். அதிலே கன்று நட்டு, களை பிடுங்கி வளர்த்தார்கள். இன்று அது பெருங்காடாக நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கவனித்தீர்களா? அது தானாக முளைத்த காடு அல்ல, மனிதர் கை நட்ட காடு. கன்று நடுவதும் களை எடுப்பதும் எவ்வளவு பாடு என்று இந்த நாட்டில் நம்மைவிடத் தெரிந்தவர் யார்? வெட்டுவதற்கும் நடுவதற்கும் நம் கையைப் பயன்படுத்திய இந்த மண்ணில், நிழலில் உட்காரவும் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். அடுத்த லீவுக்கு, மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள்!