இறை இரக்க செபமாலை

இறை இரக்க செபமாலை என்பது கத்தோலிக்கர் நாள்தோறும் சொல்லும் பக்தி முயற்சிகளுள் ஒன்றாகும். இயேசுவின் பாடுகளை முன்னிட்டுத் தந்தையாகிய கடவுளிடம் இரக்கம் வேண்டும் இச்செபத்தை 1935-ஆம் ஆண்டு, அப்போது போலந்து நாட்டில் இருந்த வில்னியூஸ் நகரில், பவுஸ்தீனா கோவால்ஸ்கா என்னும் அருட்சகோதரி எழுதி வைத்தார். அன்னை மரியாவின் செபமாலைக்குப் பயன்படும் அதே மணிமாலையைக் கொண்டே இதையும் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். இறை இரக்க ஆண்டவரின் படம், பிற்பகல் மூன்று மணி வேண்டுதல், நவநாள், இறை இரக்க ஞாயிறு ஆகியவை இதனோடு சேர்ந்து வருபவை. இவை அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பது கிறிஸ்துவின்மேல் வைக்கும் நம்பிக்கை.

நம்பிக்கை என்னும் சொல்

இறை இரக்க ஆண்டவர் படத்தின் கீழே போலிய மொழியில் மூன்று சொற்கள் இருக்கும்: "யேசு, உஃபாம் தோபியே". 'இயேசுவே, உம்மை நம்புகிறேன்' என்பது இதன் பொருள். தமிழில் படிக்கும்போது இங்கே சிறிது கவனம் தேவை. ஏனெனில் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் தமிழில் பல வேலைகளைச் செய்கிறது. பழைய கிறிஸ்தவ நூல்கள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று புண்ணியங்களைக் கூறின. விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்தபின் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று ஆயின. ஆகவே தாத்தாவின் செபப்புத்தகத்தில் உள்ள நம்பிக்கையும் பேரனின் மறைக்கல்விப் புத்தகத்தில் உள்ள நம்பிக்கையும் வெவ்வேறு.

படத்தில் உள்ள போலியச் சொல் இவ்விரண்டுக்கும் நேராக அமைவதில்லை. கடவுள் இருக்கிறார் என்று ஏற்றுக்கொள்வதைக் குறிக்கப் போலிய மொழியில் வேறு வினைச்சொல் உண்டு. 'உஃபாம்' என்பது ஒருவரை நம்பித் தன்னை ஒப்படைப்பது. தாய் இருக்கிறாள் என்று அறிவது வேறு. திருவிழாக் கூட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது வேறு. இந்தப் பக்தி முயற்சி கேட்பது இரண்டாவதை. இறை இரக்கத்தின் அருளை மொண்டுகொள்வதற்குரிய கலம் நம்பிக்கையே என்னும் கருத்து பவுஸ்தீனாவின் நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறது.

பவுஸ்தீனா கோவால்ஸ்கா

1905 ஆகஸ்ட் 25 அன்று போலந்தின் குவோகோவியெட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் ஹெலெனா. பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை விவசாயியும் தச்சருமாவார். பள்ளிக்கூடத்தில் மூன்று ஆண்டுகூட முழுமையாகப் படிக்காத ஹெலெனா, பதினாறு வயதில் வீட்டு வேலைக்குச் சென்றார். துறவு வாழ்வை விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. 1925-இல் வார்சாவில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபையில் சேர்ந்தார். மடத்தில் அவருக்குக் கிடைத்தவை சமையற்கட்டு, தோட்டம், வாயில் காவல் ஆகிய வேலைகள்.

1931 பிப்ரவரி 22 அன்று புவொத்ஸ்க் நகர மடத்தில் இயேசுவை வெண்ணிற ஆடையுடன் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். ஒரு கை ஆசி வழங்க உயர்ந்திருந்தது. மற்றொரு கை மார்பருகே ஆடையைத் தொட்டிருந்தது. அங்கிருந்து சிவப்பும் வெண்மையுமாக இரு கதிர்கள் வெளிவந்தன. இயேசுவின் விலா குத்தப்பட்டபோது இரத்தமும் தண்ணீரும் வடிந்தன என்று யோவான் நற்செய்தி (19:34) கூறுவதையே இக்கதிர்கள் குறிக்கின்றன. இந்தக் காட்சியைப் படமாக வரைய வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த கட்டளை. அவருக்கோ வரையத் தெரியாது.

மடத்திலிருந்த சிலர் அவரை ஐயத்தோடு பார்த்தனர். 1933-இல் வில்னியூசுக்கு மாற்றப்பட்டபின் அவருக்கு ஆன்ம குருவாக அமைந்த அருள்பணி மிக்கேல் சோபோச்கோவும் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. முதலில் மனநல மருத்துவரிடம் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்தார். மனநலக் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மேற்கொண்டு செவிகொடுத்தார். அனுபவங்களை நாட்குறிப்பாக எழுதும்படி சொன்னவரும் அவரே. முதலில் எழுதியதைப் பவுஸ்தீனா எரித்துவிட, மீண்டும் எழுதச் செய்தார். அவ்வாறு எழுந்த ஆறு குறிப்பேடுகளே இன்று பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன.

சோபோச்கோவின் ஏற்பாட்டில் 1934-இல் யூஜினியுஷ் கசிமிரோவ்ஸ்கி என்னும் ஓவியர் படத்தை வரைந்தார். தாம் கண்ட அழகு அதில் இல்லையே என்று பவுஸ்தீனா அழுதார். படத்தின் மேன்மை வண்ணத்திலோ தூரிகையிலோ இல்லை, இறையருளில் இருக்கிறது என்ற பதில் தமக்குக் கிடைத்ததாக எழுதுகிறார். கோவிலில் எந்தப் படத்தின் முன் நிற்பவருக்கும் பொருந்தக்கூடிய பதில் இது.

காசநோயால் நலிந்த பவுஸ்தீனா 1938 அக்டோபர் 5 அன்று, கிராக்கோவ் நகரின் வாகியெவ்னிகி பகுதியில் உள்ள மடத்தில், 33-ஆம் வயதில் இறந்தார். நோய் நீங்கவில்லை. தாம் பரப்ப விரும்பிய விழாவைத் திருச்சபை ஏற்றுக்கொண்டதையும் அவர் பார்க்கவில்லை.

செபிக்கும் முறை

தொடக்கத்தில் இயேசு கற்பித்த விண்ணகத் தந்தை செபம், மங்கள வார்த்தை செபம், திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கை ஆகியவை ஒவ்வொரு முறை சொல்லப்படும். பின்பு ஐந்து பத்துமணிகள். ஒவ்வொரு பெரிய மணியிலும் இயேசுவின் உடலையும் இரத்தத்தையும் ஆன்மாவையும் இறைத்தன்மையையும் என்றுமுள்ள தந்தைக்கு ஒப்புக்கொடுக்கும் வேண்டுதல். சிறிய மணிகள் பத்திலும், இயேசுவின் துயரமிகு பாடுகளை முன்னிட்டு எங்கள்மீதும் உலகம் முழுவதன்மீதும் இரங்கும் என்னும் பொருளுடைய குறுஞ்செபம். ஐந்தும் முடிந்தபின் கடவுளைத் தூயவர், வல்லவர், சாவே இல்லாதவர் என்று விளித்து மூன்று முறை இரக்கம் வேண்டுவர். இறுதியிலுள்ள இந்த வேண்டுதல் பவுஸ்தீனாவுக்கு மிக முந்தையது. கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டில் பழங்காலந்தொட்டு இருந்து வருவது.

மரியாவின் செபமாலையில் மறைபொருள்களைத் தியானிப்பர். இதில் தனித்தனி மறைபொருள்கள் கிடையாது. மனம் பாடுகளிலேயே தங்குகிறது. மற்றொரு வேறுபாடும் உண்டு. சிறிய மணிகள் ஐம்பதிலும் 'என்மீது' என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. தன் பிள்ளையின் தேர்வுக்காக மாலையை எடுக்கும் தாயும் அந்தப் பத்து நிமிடத்தில் ஐம்பது முறை உலகம் முழுவதற்கும் வேண்டிவிடுகிறார். சாகும் நிலையில் இருப்பவர் அருகே இதைச் சொல்வதை நாட்குறிப்பு சிறப்பாக வலியுறுத்துகிறது. பல நாடுகளில் அவ்வழக்கம் பரவியுள்ளது.

இச்செபமாலையை மூன்று மணிக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படி விதியில்லை. பிற்பகல் மூன்று மணி இயேசு உயிர்விட்ட நேரம் என்பதால் அப்போது அவரது பாடுகளை நினைவுகூரும்படி நாட்குறிப்பு கேட்கிறது. கடமைகள் இடம்கொடுத்தால் சிலுவைப்பாதை. இல்லையெனில் சிற்றாலயத்தில் நற்கருணை முன் சிறிது நேரம். அதுவும் இயலாதெனில் இருக்கும் இடத்திலேயே ஒரு நொடிப்பொழுது. அலுவலகத்திலோ வயலிலோ வகுப்பறையிலோ இருப்பவருக்கு மூன்றாவது வழி போதும். மூன்று மணி வேண்டுதலும் செபமாலையும் தனித்தனி. இரண்டையும் சேர்த்துச் சொல்வது பிற்கால வழக்கம்.

நவநாள் புனித வெள்ளியன்று தொடங்குகிறது. ஒன்பது நாளும் ஒவ்வொரு வகை மக்களுக்காக வேண்டுவர். முதல் நாள் மனிதர் அனைவருக்கும், குறிப்பாகப் பாவிகளுக்கும்; கடைசி நாள் ஆர்வம் குன்றி வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்கும் உரியவை.

தடையும் ஏற்பும்

இரண்டாம் உலகப் போரின்போது இப்பக்தி போலந்தில் வேகமாகப் பரவியது. வில்னியூசிலிருந்து தப்பிச் சென்ற அருள்பணி யோசேஃப் யாஜெம்போவ்ஸ்கி 1941-இல் இதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். ஆனால் நாட்குறிப்பின் பிழையான படிகளும் மொழிபெயர்ப்புகளும் உரோமையில் ஐயத்தை எழுப்பின. 1959 மார்ச்சில் திருப்பீடத்தின் புனித அலுவலகம், பவுஸ்தீனா முன்வைத்த வடிவில் இப்பக்தியைப் பரப்பும் படங்களுக்கும் எழுத்துகளுக்கும் தடை விதித்தது. சில கோவில்களில் படம் இறக்கப்பட்டது. தம் பணி முற்றிலும் அழிந்துபோனதுபோல் தோன்றும் காலம் ஒன்று வரும் என்று பவுஸ்தீனா முன்பே எழுதியிருந்தார்.

கிராக்கோவின் பேராயராக இருந்த கரோல் வொய்த்திவா, தடை நடைமுறையில் இருந்தபோதே, 1965-இல் பவுஸ்தீனாவின் வாழ்வைப் பற்றிய முறையான விசாரணையைத் தொடங்கச் செய்தார். போர்க்காலத்தில் சோல்வே வேதித் தொழிற்சாலையில் கூலியாளாக உழைத்தபோது வாகியெவ்னிகி வழியாக நடந்து சென்றவர் அவர். மூலக் குறிப்பேடுகள் ஆராயப்பட்டன. 1978 ஏப்ரல் 15 அன்று தடை நீக்கப்பட்டது. ஆறே மாதத்தில் வொய்த்திவா திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். சோபோச்கோவோ 1975-லேயே இறந்துவிட்டார்.

பவுஸ்தீனாவுக்கு 1993-இல் அருளாளர் பட்டமும் 2000 ஏப்ரல் 30 அன்று புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. அதே நாளில், பாஸ்கா காலத்தின் இரண்டாம் ஞாயிறு இனி இறை இரக்க ஞாயிறு என்று அழைக்கப்படும் எனத் திருத்தந்தை அறிவித்தார். அந்த ஞாயிறின் நற்செய்தி, கண்டால்தான் நம்புவேன் என்ற தோமாவைப் பற்றியது.

தனி வெளிப்பாடும் தவறான பயன்பாடும்

பவுஸ்தீனாவின் காட்சிகளைத் திருச்சபை 'தனி வெளிப்பாடு' என்று வகைப்படுத்துகிறது. கிறிஸ்துவில் நிறைவுபெற்ற வெளிப்பாட்டோடு இவை எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. அதை ஒரு காலத்தில் நன்கு வாழத் துணை செய்கின்றன என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 67) தரும் விளக்கம். இவற்றை ஏற்காதவர் விசுவாசத்தை மறுத்தவர் ஆகார். ஞாயிறு திருப்பலிக்கு ஈடாகவும் இச்செபமாலை அமையாது.

இத்தனை நாள் இத்தனை மாலை சொன்னால் இன்ன காரியம் கைகூடும் என்று துண்டுப்பிரசுரங்கள் சில உறுதி கூறுகின்றன. நம்பிக்கையைக் கணக்காக்கும் போக்கு இது. கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று இயேசுவே கேட்டார், அது அகலவில்லை. ஆயினும் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். அயலாருக்கு இரக்கம் காட்டும் கடமையையும் நாட்குறிப்பு மூன்று வழிகளாகச் சொல்கிறது: செயல், சொல், செபம். உதவக் கை இல்லாதவர் நல்ல சொல் சொல்லலாம். அதற்கும் வழியில்லாதவர் செபிக்கலாம். செயல் முதலிடத்தில் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இன்று

வாகியெவ்னிகியில் கட்டப்பட்ட இறை இரக்கப் பேராலயத்தை 2002 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் யோவான் பவுல் நேர்ந்தளித்தார். பவுஸ்தீனாவின் உடல் எச்சங்கள் அருகிலுள்ள மடத்துச் சிற்றாலயத்தில் உள்ளன. அங்குள்ள படம் போர்க்காலத்தில் அடோல்ஃப் ஹைவா வரைந்தது. தமிழ்நாட்டுக் கோவில்களிலும் வீடுகளிலும் பெரும்பாலும் காணப்படுவது இதன் படியே. கசிமிரோவ்ஸ்கியின் முதல் படம் சோவியத் ஆட்சிக்காலத்தில் மறைத்துக் காக்கப்பட்டு, இன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னியூசில் உள்ள திருத்தலத்தில் வணங்கப்படுகிறது. சோபோச்கோ 2008-இல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அக்டோபர் 5-ஆம் நாளான பவுஸ்தீனாவின் நினைவு, 2020-இல் உலகத் திருச்சபையின் பொது நாள்காட்டியில் விருப்ப நினைவாகச் சேர்க்கப்பட்டது.