நாள் குறித்தவரின் மனந்திரும்புதல்

2011 மே 21ஆம் தேதி நினைவிருக்கிறதா? அன்று கடவுளின் நியாயத்தீர்ப்பு வரும் என்று அமெரிக்கச் சாலையோர விளம்பரப் பலகைகள் அறிவித்தன. சொன்னவர் ஹெரால்ட் கேம்பிங். கலிபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியை நடத்தியவர். பொறியியல் படித்தவர்; பைபிளின் ஆண்டுக் கணக்குகளைக் கூட்டிப் பெருக்கி அந்த நாளைக் குறித்தார். 1994இலும் இப்படிக் கணக்குப் போட்டுத் தவறியவர்தான்! ஆனாலும் நம்பினார்கள். சிலர் வேலையை விட்டார்கள், சேமிப்பை விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் வழக்கம்போல விடிந்தது. பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று நிருபர்கள் கேட்டபோது மறுத்தார். அக்டோபர் 21தான் முடிவு என்றார். அதுவும் கடந்துபோனது.

பைபிளில் யோனாவும் நாள் குறித்தார்: நாற்பது நாளில் நினிவே அழியும். அந்நகரத்து அரசன் சிம்மாசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஊர் திருந்தியது, தண்டனை விலகியது. யோனாவுக்கோ கடவுள் இரங்கிவிட்டாரே என்று கோபம். எச்சரித்தது ஊர் பிழைக்கத்தான் என்பது தீர்க்கதரிசிக்கே உறைக்கவில்லை.

கேம்பிங்குக்கு உறைக்கப் பத்து மாதம் ஆனது. 2012 மார்ச்சில், 90 வயதில், நேயர்களுக்குக் கடிதம் எழுதினார். நாள் குறித்தது தவறு மட்டுமல்ல, பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த நாளை மனிதர் எவரும் அறியார் என்ற மத்தேயு நற்செய்தியின் வசனத்தை முன்பே எடுத்துக்காட்டியவர்கள் சொன்னதே சரி என்றார். இனி வேறு தேதியைத் தேடும் எண்ணமும் இல்லை என்றார்.