சாவி வீட்டில், கார் எங்கே?



கண்ணாடியை உடைத்துக் கார் திருடுவது பழைய வழக்கம். இன்றோ ஒரு கீறலும் இன்றிக் கார் மறைந்துவிடுகிறது. சாவி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது! ஒன்பது ஆண்டுகள் வரை தவணை கட்டி வாங்கும் பொருளல்லவா? எனவே, இத்திருட்டு எவ்வாறு நிகழ்கிறது, அதனைத் தடுப்பது எப்படி என்று இன்று ஆராய்வோம்.

இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த திருட்டு ஒன்றைக் கண்காணிப்புக் கேமரா படம்பிடித்தது. ஒருவன் ஒரு பெட்டியை வீட்டு வாசற்கதவருகே பிடிக்கிறான். மற்றொருவன் இன்னொரு பெட்டியுடன் காரருகே நிற்கிறான். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மெர்சிடிஸ் கார் புறப்பட்டுவிடுகிறது.

இதன் சூட்சுமம் என்ன? இத்தகைய கார்களின் சாவியைத் துளையில் நுழைக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டதும், "சாவி அருகில் உள்ளதா?" என்று கார் வானொலி அலையால் கேட்கிறது. அக்கேள்வி ஓரிரு மீட்டர் தூரமே எட்டும். சாவி இரகசியக் குறியீட்டில் பதில் சொல்ல, கதவு திறக்கிறது.

திருடர்கள் அந்தக் குறியீட்டைக் கண்டுபிடிப்பதில்லை. காரின் கேள்வியை வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கு எட்டச் செய்கிறார்கள், அவ்வளவுதான். பதில் வந்ததும், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடுகிறது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைச் சோதித்து, பத்தும் இவ்வாறு ஏமாறுவதை 2011ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். பின்னர் சாவி தொலைவில் போனாலும் இயந்திரம் நிற்காது. ஓடும் கார் நடுச்சாலையில் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

இனி, நாம் செய்யவேண்டியவை. சாவியை வாசலருகே மாட்டி வைக்கும் பழக்கத்தை விடுவோம். அலைகளைத் தடுக்கும் உலோக இழைப் பையில் அதனை வைப்போம். மாற்றுச் சாவியையும் மறக்கலாகாது. அதுவும் பதில் சொல்லும். பை சரியானதா என்று அறிவது எளிது. சாவியைப் பைக்குள் இட்டு, காரருகே சென்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்தப் பை பயன்படாது. நாளடைவில் பையின் இழைகள் அறுந்துபோகலாம். ஆகவே, இச்சோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும். பிஸ்கட் டின்னையும் இவ்வாறே சோதித்த பிறகே நம்பலாம்.

சில கார்களில் இவ்வசதியையே நிறுத்தி வைக்கலாம், விற்பனையாளரைக் கேளுங்கள். சில புதிய சாவிகள் அசையாமல் இருந்தால் தாமே உறங்கிவிடும். விளக்கின் பின்னுள்ள கம்பிகள் வழியாகக் காரை ஏமாற்றும் வேறொரு முறையும் உண்டு. அதற்குச் சாவிப்பை உதவாது. ஆகவே, ஸ்டீயரிங் பூட்டையும் சேர்த்துப் போடுவது நன்று. அதனை உடைக்க நேரமாகும், ஓசையும் எழும். திருடன் அஞ்சுவது இவ்விரண்டுக்குமே.

வெள்ளம் வருமுன் அணை போடுவது அறிவுடைமை. இன்றிரவு உறங்கச் செல்லுமுன், உங்கள் கார்ச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.